இன்ஜின் ஒன்று, கியர்பாக்ஸ் வேறு: நடுவில் ஒரு சாண் இடம்

வேறு வண்டியின் டீசல் இன்ஜினை என் பழைய ஜீப்பில் ஏற்றப் போகிறேன் என்றதும் எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான்: இரண்டையும் இணைக்கும் தகடான அடாப்டர் பிளேட் கிடைக்குமா? கிடைக்கும். கிடைக்காவிட்டால் வரைந்து கொடுத்து வெட்டி வாங்கிக்கொள்ளலாம். இன்ஜினையும் கியர்பாக்ஸையும் முகத்துக்கு முகம் வைத்து போல்ட் போடுவது இந்த வேலையில் சுலபமான பாதி. என் நேரத்தை எல்லாம் தின்றது இரண்டுக்கும் நடுவில், பெல் ஹவுசிங் என்ற மணி வடிவ உறைக்குள் இருக்கும் ஒரு சாண் இடம். இன்ஜினோடு சுழலும் பிளைவீல், அதில் உரசிச் சுழற்சியை வாங்கும் கிளட்ச் பிளேட், அதை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட், பெடலை மிதித்ததும் அந்தப் பிடியை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங், கியர்பாக்ஸ் ஷாஃப்ட்டின் நுனியைத் தாங்கும் பைலட் பேரிங் எல்லாம் அதற்குள்தான். ஒன்று பொருந்தாவிட்டாலும் கியர்பாக்ஸை மறுபடி இறக்க வேண்டும்.

ஜீப்பின் கியர்பாக்ஸ் நீளவாக்கில் உட்காரும், பின்சக்கரத்தை ஓட்டும் வகை. வந்த இன்ஜினோ முன்சக்கர இழுவை வண்டியில் குறுக்காகக் கிடந்தது. இந்த வித்தியாசம் பைலட் பேரிங்கில் வந்து நின்றது. அதைப் பிறகு சொல்கிறேன்.

‘கிளட்ச் செட்’ என்று கேட்டால் எந்த வண்டிக்கு என்பார்கள். நம்மிடம் பதில் இருக்காது. எந்தப் பாகம் யாரைத் தொடுகிறது என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்த பிறகுதான் எனக்குக் குழப்பம் தீர்ந்தது. பிரஷர் பிளேட் பிளைவீலில் ஏறுகிறது, அதனால் அது இன்ஜின் பக்கம். கிளட்ச் பிளேட்டின் வெளி விட்டம் பிளைவீலையும் பிரஷர் பிளேட்டையும் பார்த்து வாங்க வேண்டியது. அதன் நடு ஓட்டை கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட்டை, அதாவது சுழற்சியை கியர்பாக்ஸுக்குள் கொண்டுபோகும் தண்டைப் பார்த்து வாங்க வேண்டியது. ரிலீஸ் பேரிங் சறுக்கி ஓடும் குழாயும் அதைத் தள்ளும் ஃபோர்க்கும் கியர்பாக்ஸுடையவை, ஆனால் பேரிங்கின் முகம் தொடுவது பிரஷர் பிளேட்டின் ஃபிங்கர்களை, அதாவது நடுவை நோக்கி நீளும் ஸ்பிரிங் நாக்குகளை. பைலட் பேரிங்கின் வெளி விட்டம் இன்ஜினின் சுழல்தண்டான கிராங்க்குக்கு, உள் விட்டம் இன்புட் ஷாஃப்ட்டின் மூக்குக்கு. ஆக, கிளட்ச் பிளேட், ரிலீஸ் பேரிங், பைலட் மூன்றும் இரண்டு பக்கத்துக்கும் பதில் சொல்ல வேண்டியவை. சிக்கல் எல்லாம் இந்த மூன்றில்தான் வரும்.

முதலில் கிளட்ச் பிளேட். இன்ஜினின் சொந்த பிளைவீலையும் அதோடு வந்த 215 மி.மீ. பிரஷர் பிளேட்டையும் அப்படியே வைத்துக்கொண்டேன். அந்த விட்டத்தில், என் கியர்பாக்ஸின் ஸ்பிளைன் (ஷாஃப்ட்டில் நீளவாக்கில் வெட்டிய பற்கள்) ஏறுகிற நடுவோடு ஒரு பிளேட் வேண்டும். ஸ்பிளைனை எண்ணுவதற்கு முன் ஒரு பல்லில் சாக்பீஸால் கோடு போட்டுக்கொள்ளுங்கள், எண்ணெய் படிந்த ஷாஃப்ட்டில் கண் ஏமாந்துவிடும். பல் எண்ணிக்கை மட்டும் தெரிந்தால் போதாது, விட்டம் மட்டும் தெரிந்தாலும் போதாது. ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளில் 1⅛ அங்குல ஷாஃப்ட்டிலேயே 10 பல்லும் உண்டு, 26 பல்லும் உண்டு. வெர்னியர் வைத்தால் இரண்டும் ஒன்று. ஒன்றின் பிளேட் மற்றதில் ஏறாது.

பெரிய கிளட்ச் தயாரிப்பாளர்களின் பட்டியல்களில் வண்டிப் பெயரோடு பிளேட்டின் விட்டம், பல் எண்ணிக்கை, ஸ்பிளைன் அளவு எல்லாம் இருக்கும். வண்டிப் பெயரை ஓரம் கட்டிவிட்டு அந்த எண்களை மட்டும் வைத்துத் தேடினேன். இரண்டு வண்டிக்கும் சம்பந்தமே இல்லாத ஒரு வேனின் பிளேட் கச்சிதமாக வந்தது. அப்படி எதுவும் கிடைக்காதவர்களுக்கு ஒரு பிளேட்டின் நடுவை எடுத்து இன்னொன்றில் ரிவெட் அடித்துத் தருபவர்களும் உண்டு. அதைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. வேறு வழியே இல்லை என்றால், அடித்து வந்த பிளேட்டை ஒரு ஷாஃப்ட்டில் ஏற்றி லேத்தில் சுற்றவிட்டு, விளிம்பில் டயல் கேஜ் (நுண்ணிய அசைவை ஊசியால் காட்டும் அளவுகோல்) வைத்துப் பார்க்காமல் வண்டியில் மாட்டாதீர்கள். நடு சற்றே கோணினாலும் கிளட்ச் விடும்போது வண்டி உதறும்.

விட்டம் போதுமா என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். பிளேட்டின் வெளி விட்டம் 215, உரசும் பட்டையின் உள் விட்டம் 145 என்றால் சராசரி ஆரம் 90 மி.மீ. பிரஷர் பிளேட் 5000 நியூட்டன் அழுத்தம் தருகிறது, உராய்வு எண் 0.3 என்று வைத்துக்கொள்வோம். உரசும் முகம் இரண்டு. 2 × 0.3 × 5000 × 0.09 = 270 நியூட்டன் மீட்டர். இன்ஜின் அதிகபட்சம் 200 தருகிறது என்றால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கையிருப்பு இருக்கிறது, தாராளம். இதைப் போடாமல் ‘ஹெவி டியூட்டி’ பிரஷர் பிளேட்டைத் தேடிப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தேவையில்லாத அழுத்தம் எல்லாம் இடது காலுக்குத்தான் வந்து சேரும்.

பிளேட் கைக்கு வந்ததும் இரண்டு சோதனை. ஒன்று, சுத்தமான இன்புட் ஷாஃப்ட்டில் அது எங்கும் பிடிக்காமல் கடைசி வரை சறுக்க வேண்டும். இரண்டாவதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். பிளேட்டின் நடுவில் ஸ்பிரிங் பெட்டி ஒரு பக்கம் துருத்திக்கொண்டிருக்கும். வேறு வண்டிப் பிளேட் என்பதால் அந்தத் துருத்தல் நம் பிளைவீல் போல்ட் தலைகளில் இடிக்கலாம். கையால் வைத்துச் சுற்றிப் பார்த்தால் இடிக்காது. பிரஷர் பிளேட் இறுக்கியதும் பட்டைகளுக்கு நடுவே உள்ள அலைத்தகடு அமுங்கி நடு முன்னால் நகரும், பட்டை தேயத் தேய இன்னும் நகரும். போல்ட் தலைகளின் மேல் விளையாட்டுக் களிமண் உருண்டைகளை ஒட்டி, பிரஷர் பிளேட்டை முழுதாக இறுக்கி, அவிழ்த்துப் பார்த்தேன். ஒரு உருண்டை மட்டும் மற்றவற்றைவிடத் தட்டையாக, ஸ்பிரிங் பெட்டியின் ரிவெட் தடத்தோடு அமுங்கியிருந்தது. பிளேடால் குறுக்கே வெட்டி அளந்தால் 3 மி.மீ. தேய்மானம் போகவும் மிச்சம் இருக்கும் என்பதால் விட்டுவிட்டேன். 1 மி.மீ. என்றிருந்தால் வேறு பிளேட் தேடியிருப்பேன்.

இனி பைலட். இன்புட் ஷாஃப்ட்டின் பின் முனையை கியர்பாக்ஸ் பேரிங் தாங்குகிறது, முன் மூக்கைத் தாங்க கிராங்க்கின் நுனியில் இந்தச் சின்ன பேரிங் அல்லது புஷ் (உருளைகள் இல்லாத வெறும் உலோக வளையம்). பல முன்சக்கர இழுவை கியர்பாக்ஸ்களுக்கு இது தேவையே இல்லை, அதனால் அந்த இன்ஜின்களின் கிராங்க் முனையில் பைலட்டுக்கான துளை முடிக்கப்படாமல் இருக்கும். என்னுடையதிலும் அப்படித்தான். கரடுமுரடாக ஒரு பள்ளம், அவ்வளவே. அதை நம்பி பேரிங் அடிக்க முடியாது. பிளைவீலின் மையத் துளை கிராங்க்கின் மேட்டில் துல்லியமாக உட்காருகிற இடம் என்பதால், அதைப் பிடித்துக்கொண்டு உட்காரும் ஒரு இரும்பு வளையத்தை லேத்தில் கடைந்து, அதன் நடுவில் புஷ்ஷை வைத்தேன்.

இங்கே ஒரு பழைய ஜோடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கு முன்பே இதே மாதிரி மாற்றம் செய்த ஒருவரின் வண்டியை இறக்கும்போது கூட இருந்தேன். இன்புட் ஷாஃப்ட்டின் மூக்கு முழுக்க மங்கலாக இருந்தது, நுனியில் மட்டும் நகக்கண் அகலத்துக்கு ஒரு பளபள வளையம். அந்த அளவுதான் மூக்கு புஷ்ஷுக்குள் போயிருந்தது. அடாப்டர் பிளேட்டின் தடிமன் கியர்பாக்ஸைப் பின்னால் தள்ளியதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. புஷ்ஷின் வாய் முட்டை வடிவத்துக்குப் போயிருந்தது, மூன்றாவது கியரில் வந்த இரைச்சலுக்கும் அதுவே காரணம்.

ஆகவே நீளத்தை அளந்தே ஆக வேண்டும். கியர்பாக்ஸ் முகத்திலிருந்து மூக்கு நுனி எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது, கியர்பாக்ஸ் உட்காரும் முகத்திலிருந்து புஷ்ஷின் வாய் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது. இரண்டையும் கழித்தால் எவ்வளவு உள்ளே போகிறது என்று தெரியும். புஷ்ஷின் நீளத்தில் பெரும்பகுதி மூக்கைப் பிடித்திருக்க வேண்டும். அதே சமயம் நுனிக்கு முன்னால் 3 மி.மீ. வெற்றிடமாவது வேண்டும். முட்டிக்கொண்டால் அந்தத் தள்ளல் நேராக, கிராங்க்கை முன்பின் நகராமல் பிடிக்கும் த்ரஸ்ட் பேரிங்குக்குப் போகும். பெல் ஹவுசிங் பொருந்திவிட்டால் உள்ளே எல்லாம் பொருந்தும் என்று நினைப்பவர்களுக்கு செவர்லே நல்ல உதாரணம். 1955இல் வந்த ஸ்மால் பிளாக் இன்ஜினின் பெல் ஹவுசிங் போல்ட்டுகள் 1997இல் வந்த எல்எஸ் வரிசையிலும் பெரும்பாலும் ஏறிவிடும். ஆனால் எல்எஸ் வரிசையில் பெரும்பாலானவற்றின் கிராங்க் முகம் 0.4 அங்குலம், அதாவது சுமார் 10 மி.மீ., உள்ளே தள்ளி நிற்கும். போல்ட் ஏறும், பைலட்டும் கிளட்ச்சும் தவறும்.

ஊசி பேரிங்கா, வெண்கலப் புஷ்ஷா என்று கேட்டால், மாற்று வேலைக்கு நான் நுண்துளை வெண்கலப் புஷ் பக்கம். ஊசி பேரிங்குக்கு மூக்கு கடினமாகவும் கண்ணாடி மாதிரி வழவழப்பாகவும் இருக்க வேண்டும், கொஞ்சம் கோணினாலும் சீக்கிரம் போய்விடும். புஷ் சற்று பொறுத்துப் போகும். அதற்கு எண்ணெய் ஊட்டும் முறை பார்க்கவே நன்றாக இருக்கும். ஒரு பக்கத்தைக் கட்டைவிரலால் அடைத்து, உள்ளே இன்ஜின் ஆயில் ஊற்றி, மறு பக்கத்தையும் ஆள்காட்டி விரலால் மூடி நெரித்தால், சில நொடியில் புஷ்ஷின் வெளிச் சுவர் முழுக்கப் பொடிப்பொடியாக எண்ணெய் வியர்க்கும். அப்படி வியர்க்காத புஷ் வெறும் கடைந்த வெண்கலம், அல்லது மொட்டை உளியால் கடைந்ததில் துளைகள் அடைபட்டுப்போனது. இந்தப் புஷ்ஷுக்கு கிரீஸ் தடவாதீர்கள், அதுவும் துளைகளை அடைக்கும். இன்னொன்று, இறுக்கமாக அடித்து ஏற்றியதும் உள் விட்டம் சற்று சுருங்கும். ஏற்றிய பிறகு ஷாஃப்ட் மூக்கை நுழைத்துப் பார்த்து, எண்ணெய்ப் படலம் நிற்கும் அளவு இடைவெளி, 0.05 மி.மீ. வாக்கில், இருக்கிறதா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.

அப்புறம் மையம். போல்ட் துளைகளில் எப்போதும் சற்று தளர்வு இருக்கும், அதனால் பெல் ஹவுசிங்கை இடத்தில் நிறுத்துவது போல்ட் இல்லை, துளையில் கச்சிதமாக உட்காரும் முளையான டவல் பின். டவல் இல்லாத அடாப்டர் பிளேட்டை நான் வாங்கவே மாட்டேன். டவல் இருந்தாலும் அளக்க வேண்டும். டயல் கேஜின் காந்த அடியைப் பிளைவீலில் ஒட்டி, ஊசியைப் பெல் ஹவுசிங்கின் நடு வட்டத்தில் வைத்து, இன்ஜினைக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றினேன். டீசல் என்பதால் இன்ஜெக்டர்களைக் கழற்றிவிட்டேன், இல்லையென்றால் கம்ப்ரஷன் உதைத்து ஊசி துள்ளும். ஊசி 0.30 மி.மீ. ஆடியது. மைய விலகல் இதில் பாதி, 0.15. பொதுவாக 0.13 மி.மீ. ஊசி ஆட்டம் வரை ஏற்றுக்கொள்வார்கள், ஆகவே இது விட்டுவிடக்கூடிய அளவு இல்லை. ஒரு பாதி மற்ற பாதியிலிருந்து சற்று விலகி நிற்கும் டவல் பின்கள் இதற்கென்றே கிடைக்கின்றன: 0.007, 0.014, 0.021 அங்குலம் என்ற அளவுகளில். 0.007 என்பது 0.178 மி.மீ. அதைப் போட்டு, விலகலுக்கு எதிர்த்திசையில் திருப்பி வைத்ததும் ஆட்டம் 0.07க்கு இறங்கியது. வட்டத்தைப் பார்த்த கையோடு முகத்தின் சாய்வையும் பார்த்துவிடுங்கள், அதே கேஜ், ஊசியின் திசை மட்டும் வேறு.

ரிலீஸ் பேரிங்தான் நான் அதிகம் மண்டையை உடைத்துக்கொண்ட இடம். முதலில் வகை. பிரஷர் பிளேட் ‘தள்ளும்’ வகையா, ‘இழுக்கும்’ வகையா என்று பாருங்கள், இரண்டின் பேரிங்கும் முற்றிலும் வேறு. தள்ளும் வகையிலேயே ஃபிங்கர் நுனி தட்டையாக இருந்தால் பேரிங் முகம் வளைந்திருக்க வேண்டும், நுனி வளைந்திருந்தால் முகம் தட்டை. இரண்டும் தட்டையாக இருந்தால் விளிம்பில் கடித்து, ஃபிங்கர் நுனிகளில் பள்ளம் விழும். அடுத்தது விட்டம். பேரிங் முகத்தில் நீல மையைத் தடவி, ஃபிங்கர்களில் அழுத்தி எடுத்தேன். எல்லா ஃபிங்கர்களிலும் நுனிக்குச் சற்று உள்ளே, ஒரே வட்டத்தில் மை ஒட்ட வேண்டும். எனக்குக் கியர்பாக்ஸின் சொந்த பேரிங்கே சரியாக ஒட்டியது, அந்த மட்டில் அதிர்ஷ்டம்.

தூரம்தான் ஒத்துவரவில்லை. கிளட்ச் முழுவதையும் இன்ஜினில் இறுக்கிய நிலையில், அடாப்டர் பிளேட்டையும் சேர்த்து, கியர்பாக்ஸ் உட்காரும் முகத்திலிருந்து ஃபிங்கர் நுனி வரை அளந்தேன். ஜீப்பின் பழைய இன்ஜினில் இதே அளவு எவ்வளவு என்று முன்பே குறித்து வைத்திருந்தேன். பழைய இன்ஜினைக் கழற்றுவதற்கு முன் அதை அளந்து வைத்துக்கொள்ளுங்கள், பிறகு எங்கே தேடினாலும் கிடைக்காத எண் அது. புது ஜோடியில் ஃபிங்கர்கள் 9 மி.மீ. இன்ஜின் பக்கம் தள்ளி நின்றன.

ஃபோர்க் ஊன்றும் உருண்டைக்கு அடியில் வாஷர் அடுக்கி இதைச் சரிக்கட்டுகிறவர்கள் உண்டு. வேலை செய்யும், ஆனால் ஃபோர்க் சாய்ந்துவிடும். பாதி தூரம் தள்ளிய நிலையில் ஃபோர்க் ஷாஃப்ட்டுக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும், அப்போதுதான் பேரிங் கோணாமல் ஓடும். அதனால் பேரிங் உட்காரும் கேரியரை 9 மி.மீ. நீளமாகப் புதிதாகக் கடைந்தேன். ஃபோர்க் பழைய கோணத்திலேயே நின்றது. முழுதாகத் தள்ளிய நிலையில் கேரியர் வழிகாட்டிக் குழாயை விட்டு வெளியேறவில்லை என்பதையும் பார்த்துக்கொண்டேன்.

ஃபிங்கர்கள் நகரும் திசையைப் பற்றி ஒரு குழப்பம் பரவலாக இருக்கிறது. தள்ளும் வகையில் பட்டை தேயத் தேய ஃபிங்கர்கள் கியர்பாக்ஸ் பக்கம், பேரிங்கை நோக்கி வரும். இந்த ஃபிங்கர்கள் சேர்ந்த உதரவிதான ஸ்பிரிங் நெம்புகோல் மாதிரி வேலை செய்வதால், தேய்மானத்தைப்போல் மூன்று, நான்கு மடங்கு நகரும். பிளேட் ஆயுள் முழுக்க 2 மி.மீ. தேய்கிறது, மூன்று மடங்கு என்று வைத்தால் ஃபிங்கர் 6 மி.மீ. வரும், ஃபோர்க்கின் விகிதம் 2:1 என்றால் ஃபோர்க்கைத் தள்ளும் ஸ்லேவ் சிலிண்டரின் பிஸ்டன் 12 மி.மீ. பின்வாங்க இடம் வேண்டும். அந்த இடம் இல்லாவிட்டால் பிஸ்டன் அடியில் முட்டி, பெடலை மிதிக்காமலே கிளட்ச் பாதி மிதித்த நிலையில் நிற்கும், ஸ்லிப் ஆகும். புதுப் பிளேட் போட்ட அன்று எல்லாம் பிரமாதமாக இருக்கும் என்பதுதான் இதில் வம்பு. ஷாஃப்ட்டைச் சுற்றி உட்காரும் வகை ஸ்லேவ் சிலிண்டராக இருந்தால் புது பிளேட்டில் பேரிங்குக்கும் ஃபிங்கருக்கும் பொதுவாக 4, 5 மி.மீ. இடைவெளி விடச் சொல்வார்கள். குறைந்தால் இதே ஸ்லிப், மிக அதிகமானால் பிஸ்டன் எல்லை தாண்டி எண்ணெய் ஒழுகும்.

பெடல் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரும் ஸ்லேவும் வேறு வேறு வண்டியிலிருந்து வந்தால் அதற்கும் ஒரு கணக்கு உண்டு. மாஸ்டர் விட்டம் ¾ அங்குலம், ஓட்டம் 30 மி.மீ.; ஸ்லேவ் ⅞ அங்குலம் என்றால் ஸ்லேவ் 22 மி.மீ. நகரும், பேரிங் 11. பெடல் லேசாகட்டும் என்று 1 அங்குல ஸ்லேவ் போட்டால் 17 மி.மீ., பேரிங் எட்டரைக்குக் கீழே. பெடல் வெண்ணெய் மாதிரி இருக்கும், ரிவர்ஸ் கியர் மட்டும் கரகரக்கும்.

மாட்டும்போது கிளட்ச் பிளேட்டை மையத்தில் நிறுத்த ரெடிமேட் கருவி எதுவும் பொருந்தாது. உடைந்த கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் ஒன்று கிடைத்தால் அதைவிடச் சிறந்த கருவி இல்லை. ஸ்பிளைனில் கிரீஸை மெல்லியதாகத் தடவி, பிளேட்டை ஒருமுறை ஏற்றி இறக்கி, விளிம்பில் திரண்டு வந்ததைத் துடைத்துவிடுங்கள், இல்லையென்றால் அது சுழற்சியில் சிதறிப் பட்டையில் ஒட்டும். பிரஷர் பிளேட் போல்ட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக. கியர்பாக்ஸைக் கையால் தள்ளியே முகம் சேர வேண்டும். விரல் நுழையும் இடைவெளியில் நின்றுவிட்டால் உள்ளே ஏதோ தடுக்கிறது. போல்ட்டைப் போட்டு இழுக்காதீர்கள், ஒன்று புஷ் சிதையும் அல்லது ஹவுசிங்கின் காது உடையும்.

ஓடத் தொடங்கியதும் சத்தம் வந்தால், எப்போது வருகிறது என்பதே பாதி பதில். நியூட்ரலில், பெடலைத் தொடாமல் வந்து, மிதித்ததும் நின்றால் கியர்பாக்ஸின் இன்புட் பேரிங். பெடலில் காலை லேசாக வைத்ததுமே தொடங்கினால் ரிலீஸ் பேரிங். பெடலை முழுதாக மிதித்து, கியரில் போட்டு வண்டி நிற்கும்போது கீச்சிட்டால் பைலட்டைச் சந்தேகப்படலாம், ஏனென்றால் ஷாஃப்ட் நிற்க கிராங்க் மட்டும் சுழல்வது அப்போதுதான்.

ஸ்லேவ் சிலிண்டரின் ராடில், ரப்பர் உறைக்கு வெளியே, வெள்ளை பெயின்ட்டில் ஒரு கோடு போட்டு, அது சிலிண்டர் முகத்திலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று எழுதி வைத்தேன். பட்டை தேயத் தேய ராட் உள்ளே போகும், கோடும் நெருங்கி வரும். என் விகிதத்தில் கோடு 6 மி.மீ. நகர்ந்தால் பட்டையில் 1 மி.மீ. போய்விட்டது என்று பொருள். 12 நெருங்கும்போது புதுப் பிளேட்டுக்குச் சொல்லி வைக்க வேண்டும். அந்த வேன் பிளேட்டின் பார்ட் நம்பரைப் பானெட்டின் உள்பக்கம் எழுதியே வைத்திருக்கிறேன்.